பணிவும் பணிந்துபோதலும்

வாசகி ஒருவரின் கடிதம்:

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில், எங்கள் துறைத் தலைவர் முன்வைத்த அறிக்கையில் ஒரு தொகை இரண்டு முறை சேர்க்கப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ‘இந்தத் தொகை இரண்டு இடத்தில் வந்திருக்கிறது. அனுப்புவதற்கு முன் யாருமே பார்க்கவில்லையா?’ என்று கேட்டேன். அதன் பிறகு வந்த ஆண்டு மதிப்பீட்டில், ‘வேலையில் திறமை உண்டு, பணிவு போதாது’ என்று அவர் எழுதிவிட்டார். தன்னைப் பற்றித் தானே உயர்வாகப் பேசக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். நிலுவைக் கணக்குகளைச் சரிபார்க்கும் முறையை மாற்றியமைத்தது நான்தான். அதனால் மாதக் கடைசி வேலை பாதியாகக் குறைந்தது. ஆனாலும் யார் கேட்டாலும் ‘எல்லாரும் சேர்ந்து செய்தோம்’ என்றுதான் சொல்வேன். இப்படிப்பட்ட என்னையே பணிவில்லாதவள் என்றால், பணிவு என்பதன் பொருள்தான் என்ன? விரைவில் பதவி உயர்வுக்கான நேர்காணல் வருகிறது. அங்கே நான் செய்தவற்றைச் சொன்னால் அது தற்பெருமை ஆகாதா? விண்ணப்பத்தில் ‘பணிவானவள்’ என்று எழுதிக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பணிவு என்ற ஒரே சொல் மூன்று பொருளில் வருகிறது. துறைத் தலைவர் அதைத் தமக்குக் காட்ட வேண்டிய மரியாதை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். உங்களை வளர்த்தவர்கள், தன்னைப் பற்றிப் பேசாதிருத்தல் என்ற பொருளில் சொல்லித் தந்திருக்கிறார்கள். நீங்களோ அதை விண்ணப்பத்தில் குறிப்பிடத்தக்க ஒரு தகுதியாகப் பார்க்கிறீர்கள். பணியிட ஆலோசகராகிய என்னிடம் வருகிறவர்களில் பலர் இதே குழப்பத்தோடுதான் வருகிறார்கள். சிலர் இந்தச் சொல்லாலேயே பல ஆண்டுகள் வாயடைத்துப் போயிருக்கிறார்கள். எனவே சொல்லைச் சற்று விரிவாகவே பார்த்துவிட்டு உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

நாம் அன்றாடம் பேசுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பணிவாக நடந்துகொள்’ என்பதும் ‘பணிந்து போ’ என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. ஆனால் முன்னதைச் சொல்பவர் ஒருவரின் குணத்தைப் பற்றிப் பேசுகிறார். பின்னதைச் சொல்பவர் எதிரில் நிற்பவரின் பலத்தைப் பற்றிப் பேசுகிறார். ‘அடக்கமானவர்’ என்றால் பாராட்டு. ‘அடங்கிப் போனார்’ என்றால் அவரை யாரோ அடக்கிவிட்டார்கள் என்று பொருள். அடக்குபவரும் அடங்குபவரும் ஒருவராகவே இருக்கும்போது மட்டுமே அதற்குத் தன்னடக்கம் என்று பெயர். வேறு வழியின்றித் தலைகுனிந்து நிற்பவரிடம் இருப்பது பணிவா அச்சமா என்பது பார்ப்பவருக்கும் தெரியாது, பல நேரங்களில் அவருக்கேகூடத் தெரியாது. குரலை உயர்த்த உரிமையும் வாய்ப்பும் இருந்தும், எதிரில் இருப்பவர் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டுப் பேசுகிறவரிடம்தான் அதை ஐயமின்றிக் காண முடியும்.

திருக்குறள் இந்த வேறுபாட்டைக் கூர்மையாகப் பிடித்திருக்கிறது. பணிதல் எல்லார்க்கும் நன்று என்று தொடங்கும் 125ஆம் குறள், அவர்களுள்ளும் செல்வம் உடையவர்க்கே அது மேலும் ஒரு செல்வம் என்று முடிகிறது. 963ஆம் குறள் இன்னும் தெளிவாகவே பேசுகிறது: ‘பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு.’ வளம் பெருகியிருக்கும் காலத்தில் பணிவு வேண்டும்; அது சுருங்கிய காலத்தில் தாழ்ந்துவிடாத உயர்வு வேண்டும். இந்தக் குறள் அடக்கமுடைமை அதிகாரத்தில் இல்லை, மானம் என்ற அதிகாரத்தில் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பணிவையும் மானத்தையும் வள்ளுவர் எதிரெதிராக நிறுத்தவில்லை. ஒரே மனிதரிடம் இரண்டும் இருக்க வேண்டும், எப்போது எது வேண்டும் என்பதை அவரவர் நிலை சொல்லும் என்கிறார். பணியிடங்களில் நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். மேலே இருப்பவரிடம் பணிவு இருக்கிறதா என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. கீழே இருப்பவரிடம் அது சற்றுக் குறைந்தாலும் உடனே எழுத்தில் ஏறிவிடுகிறது.

மேலாண்மை ஆய்வுகளும் ஏறத்தாழ இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. பிராட்லி ஓவன்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, பணியிடத்தில் வெளிப்படும் பணிவை மூன்று கூறுகளாக விளக்கியது. தன்னை உள்ளபடி பார்க்க விரும்புதல் முதலாவது. பிறருடைய திறமையையும் பங்கையும் மதித்துப் போற்றுதல் இரண்டாவது. பிறரிடமிருந்து கற்றுக்கொள்ள ஆயத்தமாக இருத்தல் மூன்றாவது. மேலதிகாரி சொல்வதை மறுக்காமல் இருப்பதும், தான் செய்ததை மறைத்துக்கொள்வதும் இந்த மூன்றில் எதிலும் இடம்பெறவில்லை.

இவற்றுள் முதலாவதைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. தன்னை உள்ளபடி பார்ப்பது என்றால் தன் உயரத்தைக் கூட்டிச் சொல்லாமலிருப்பது மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள்; குறைத்துச் சொல்வதும் பொய்க்கணக்குத்தான் என்பது கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் குரூகரும் டேவிட் டன்னிங்கும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம் போன்றவற்றில் சோதனை வைத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் இடம் எது என்று கேட்டார்கள். மிகக் குறைவாக மதிப்பெண் பெற்றவர்கள் தங்களைச் சராசரிக்கும் மேலே வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் எங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதே ஆய்வின் மறுபாதியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மிக நன்றாகச் செய்தவர்கள், தங்கள் இடம் உண்மையில் இருப்பதைவிடச் சற்றுக் கீழே இருப்பதாகச் சொன்னார்கள். தங்களுக்கு எளிதாக இருந்தது மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அவர்கள் எண்ணிவிட்டதே காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பிறகு மற்றவர்களின் விடைத்தாள்களைப் பார்க்கக் கொடுத்ததும், தங்களைப் பற்றிய மதிப்பீட்டை அவர்கள் மேல்நோக்கித் திருத்திக்கொண்டார்கள்.

நிலுவைக் கணக்கு முறையை மாற்றியமைத்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பழைய முறையோடு உங்களுடன் இருந்த எல்லாரும்தான் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் போராடியிருப்பார்கள். மாற்ற முடியும் என்று கண்டவர் நீங்கள். அதை உங்களுக்குள்ளேயேகூட ஒப்புக்கொள்ள நீங்கள் தயங்கினால், பணிவின் முதல் கூறே உங்களிடம் குறைவுபடுகிறது என்றுதான் நான் சொல்வேன். துறைத் தலைவர் சொன்ன குறைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இனி அந்தக் கூட்டத்தில் நீங்கள் சொன்னதைப் பார்ப்போம். ‘இந்தத் தொகை இரண்டு இடத்தில் வந்திருக்கிறது’ என்பது முதல் வாக்கியம். இதைச் சொல்வது உங்கள் கடமை. சொல்லாமல் இருந்திருந்தால் அதைப் பொறுப்பைத் தட்டிக்கழித்தல் என்றே அழைத்திருப்பேன். ‘அனுப்புவதற்கு முன் யாருமே பார்க்கவில்லையா?’ என்பது இரண்டாவது வாக்கியம். கேள்வி வடிவில் இருந்தாலும் இது விடையை எதிர்பார்க்கவில்லை. அறிக்கையைத் தயாரித்தவர் யார், அவருக்கு எத்தனை இடங்களிலிருந்து எண்கள் வந்தன, பிழை எந்தப் படியில் நுழைந்தது என்பதெல்லாம் தெரியாத நிலையில், கவனக்குறைவு என்று எல்லார் முன்னிலையிலும் அது தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த அட்டவணையைத் தயாரித்தவர் உங்களைவிட இளைய ஊழியர் ஒருவராக இருந்திருந்தால், உங்கள் கேள்வி துறைத் தலைவரைவிட அவரைத்தான் கடுமையாகத் தாக்கியிருக்கும். முதல் வாக்கியத்தில் நீங்கள் அறிந்ததைச் சொன்னீர்கள். இரண்டாவதில் அறியாததையும் சொன்னீர்கள். தான் அறிந்த அளவோடு நிற்பது பணிவின் உள்ளே அடங்கியது என்பதால், துறைத் தலைவரின் குறிப்பில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. என்ன நடந்தது என்று சொல்லாமல், ஒரு மனிதரின் குணத்தைப் பற்றி இரண்டே சொற்களில் எழுதிவிட்டுப் போன விதம் சரியில்லை என்பதும் உண்மை.

ஆனால் ‘இனிமேல் கூட்டத்தில் வாயைத் திறக்கக் கூடாது’ என்ற பாடத்தை நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. அப்படி எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு விமானப் போக்குவரத்துத் துறை பெரும் விலை கொடுத்துக் கற்ற ஒரு நிகழ்ச்சி உண்டு. 1978 டிசம்பர் 28 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானம் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. சக்கரங்களை இறக்கியபோது வழக்கத்துக்கு மாறான சத்தமும் அதிர்வும் ஏற்பட்டன. அவை சரியாகப் பூட்டிக்கொண்டதைக் காட்ட வேண்டிய விளக்கு எரியவில்லை. அனுபவம் மிக்க தலைமை விமானி அந்தச் சிக்கலிலேயே கருத்தைச் செலுத்தி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் விமானத்தை வானில் சுற்றவிட்டார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. உடன் இருந்த துணை விமானியும் விமானப் பொறியாளரும் எரிபொருள் அளவைப் பற்றிப் பேச்சுவாக்கில் குறிப்பிட்டார்கள். ஆனால் உடனே இறங்கியாக வேண்டும் என்று அழுத்திச் சொல்லவில்லை. கடைசியில் எரிபொருள் தீர்ந்து, இயந்திரங்கள் நின்று, விமானம் நகரின் புறப்பகுதியில் விழுந்தது. அதிலிருந்த 189 பேரில் 10 பேர் உயிரிழந்தார்கள்.

விசாரணை நடத்திய அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தலைமை விமானி எரிபொருளைக் கவனிக்கவும் உடனிருந்தவர்கள் சொன்னதற்குச் செவிசாய்க்கவும் தவறியதை முதன்மைக் காரணமாகக் குறிப்பிட்டது. மற்ற இருவரும் நிலைமையின் கடுமையை முழுதாக உணரவோ, தங்கள் கவலையை அவருக்கு உறைக்கும்படி சொல்லவோ தவறியதையும் அதனோடு சேர்த்துச் சுட்டிக்காட்டியது. பரிந்துரையும் இரு பக்கமாகவே இருந்தது: தலைமை விமானிகளுக்கு மற்றவர்களைக் கலந்து முடிவெடுக்கும் பயிற்சி வேண்டும், மற்றவர்களுக்கு உறுதியாக எடுத்துச் சொல்லும் பயிற்சி வேண்டும். 1979இல் நாசா நடத்திய ஒரு பயிலரங்குக்குப் பின் வளர்ந்த விமானக்குழுப் பயிற்சி இந்த இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும், கத்தியை வைப்பதற்கு முன் குழுவிலுள்ள அனைவரும் தங்கள் பெயரையும் பணியையும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு படி இருக்கிறது. ஒருமுறை தன் பெயரைச் சொல்லி வாய் திறந்தவர், தவறு ஒன்று கண்ணில் பட்டால் மீண்டும் வாய் திறக்கத் தயங்க மாட்டார் என்ற எண்ணமே அதன் பின்னால் இருக்கிறது.

உங்கள் பணியில் உயிர்ப்பலி நேராது என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு முறை சேர்ந்த ஒரு தொகையை அறையில் உள்ள அனைவரும் மரியாதை கருதிப் பார்த்தும் பாராமல் விட்டுவிடும் அலுவலகம், விரைவிலேயே அதைவிடப் பெரிய தவறுகளையும் அப்படியே வெளியே அனுப்பிவைக்கும். பணிவை மேல்நோக்கி மட்டும் கேட்கும் தலைவருக்கு அதற்குப் பதிலாகக் கிடைப்பது மௌனம்தான். அந்த மௌனத்தைப் பணிவு என்று எண்ணி அவர் மகிழ்ந்துகொண்டிருப்பார்.

ஆகவே துறைத் தலைவரைத் தனியே சந்தித்து, மதிப்பீட்டைப் பற்றிப் பேச நேரம் கேளுங்கள். ‘என்னிடம் பணிவு இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘பணிவு போதாது என்று குறிப்பிட்டிருந்தீர்கள். எந்தச் சந்தர்ப்பத்தில் அப்படித் தோன்றியது என்று சொன்னால் திருத்திக்கொள்ள உதவியாக இருக்கும்’ என்று கேளுங்கள். அவர் அந்தக் கூட்டத்தைச் சொன்னால், ‘தவறைச் சுட்டியது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டது தேவையற்றது, அதற்காக வருந்துகிறேன்’ என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். வருத்தத்தைத் தெரிவிக்கும்போது முதல் பாதியையும் சேர்த்து விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். பலர் இங்கேதான் தடுமாறி, சரியாகச் செய்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் புழுங்குகிறார்கள். அவரால் ஒரு சந்தர்ப்பத்தைக்கூடச் சொல்ல முடியாவிட்டால், அந்தக் குறிப்பு உங்கள் நடத்தையைப் பற்றியதாக இல்லாமல், தம்மை மறுத்துப் பேசியதில் அவருக்கு ஏற்பட்ட மனக்குறையைப் பற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது, சந்தித்துப் பேசிய விவரத்தைச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சலில் எழுதி அவருக்கே அனுப்பிவைப்பது நல்லது.

வளர்ப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தன்னைப் புகழ்ந்துகொள்ளக் கூடாது என்று சொல்லித் தந்தவர்கள் தவறாக எதையும் சொல்லவில்லை. ஆனால் புகழ்ந்துகொள்வதும் விவரம் சொல்வதும் ஒன்றல்ல. கம்பர் தம் இராமாயணத்தின் தொடக்கத்தில், பாற்கடலை முழுவதும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைப் போல இராமன் கதையைச் சொல்லப் புகுந்தேன் என்று அவையடக்கம் பாடுகிறார். பாடிவிட்டு ஒதுங்கிவிடவில்லை, ஏறத்தாழ 10,000 பாடல்களில் முடிசூட்டு வரை அந்தக் கதையைச் சொல்லியும் முடிக்கிறார். எடுத்துக்கொண்ட பொருளின் பெருமையைக் கண்டு அவருக்கு வந்த அடக்கம் அது. அது அவர் கையைக் கட்டிப்போடவில்லை, உழைப்பைத்தான் கூட்டியது. ‘எனக்கு ஒன்றுமே தெரியாது’ என்று சொல்லிக்கொண்டு, எதிரில் இருப்பவர் ‘இல்லை, நீங்கள் பெரிய ஆள்’ என்று மறுப்பதற்காகக் காத்திருப்பது வேறு வகை. அதில் பேச்சு முழுவதும் தன்னைச் சுற்றியே நடக்கிறது. உங்களிடம் அது இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. ஆனால் யாராவது பாராட்டும்போது, ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று தட்டிவிடும் பழக்கம் இருந்தால், அதை மட்டும் விட்டுவிடுங்கள். பாராட்டியவரின் மதிப்பீட்டையே அது தள்ளிவிடுகிறது. ‘நன்றி, உங்களுக்குப் பயன்பட்டதில் மகிழ்ச்சி’ என்பது போதும்.

விண்ணப்பத்தில் ‘பணிவானவள்’ என்று எழுத வேண்டாம். நேர்மை, உழைப்பு ஆகியவற்றைக்கூட ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டால் கேட்பவர் ஓரளவு ஏற்றுக்கொள்வார். பணிவை மட்டும் பிறர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் மேலே சொன்ன 2013ஆம் ஆண்டின் ஆய்விலும் ஒருவருடைய பணிவை அவரோடு பழகுபவர்களைக் கேட்டே அளந்தார்கள். விண்ணப்பத்தின் முடிவில் ‘பணிவன்புடன்’ என்று கையெழுத்திடுவதற்கும், ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதுவதற்கும் இது பொருந்தாது. அவை கடிதத்துக்குரிய மரபுத் தொடர்கள், அவற்றை யாரும் சுயசான்றாக எடுத்துக்கொள்வதில்லை. பணிவு புலப்பட வேண்டும் என்றால், யாரிடமிருந்து எதைக் கற்றீர்கள், யாருடைய யோசனையால் உங்கள் திட்டத்தை மாற்றிக்கொண்டீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்.

நேர்காணலைப் பற்றி இன்னும் ஒன்று. நீங்கள் வழக்கமாகச் சொல்லும் ‘எல்லாரும் சேர்ந்து செய்தோம்’ என்ற தொடர் உங்களைப் பெருமைப்படுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் உங்களோடு உழைத்தவர்களையும் அது பெருமைப்படுத்தவில்லை. எல்லார் பங்கும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டுவிடுகிறது. ‘நிலுவைக் கணக்குகளைச் சரிபார்க்கும் முறையை நான் மாற்றியமைத்தேன். அதனால் மாதக் கடைசி வேலை பாதியாகக் குறைந்தது’ என்று முதலில் சொல்லுங்கள். அடுத்து, அதற்கு யார் என்ன செய்தார்கள் என்பதை, அவரவர் பெயரோடும் செய்த வேலையோடும் சொல்லுங்கள். அந்த முறை இன்னும் எந்த இடத்தில் சரியாக வரவில்லை என்பதையும் கேட்காமலே சொல்லிவிடலாம். தேர்வுக் குழுவில் அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் இதைத்தான் கூர்ந்து கவனிப்பார்கள். ‘மிகச் சிறந்த’, ‘முதன்முறையாக’, ‘வேறு யாரும் செய்யாத’ போன்ற அடைமொழிகளை முழுவதும் விலக்கிவிடுங்கள். எண்ணும் செயலும் இருக்கும்போது அவை தேவைப்படுவதில்லை. தற்பெருமை என்று மற்றவர்கள் முகம் சுளிப்பதும் பெரும்பாலும் அந்த அடைமொழிகளைக் கேட்டுத்தான்.

விடைகளை எழுதிப் பார்த்த பிறகு, உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்த சக ஊழியர் ஒருவரிடம் அவற்றைப் படிக்கக் கொடுங்கள். எங்கே கூட்டிச் சொல்லியிருக்கிறீர்கள், எங்கே விட்டுவிட்டீர்கள் என்று இரண்டையும் குறித்துத் தரும்படி கேளுங்கள். விட்டுப்போனதாக அவர் குறித்திருப்பவற்றைச் சேர்த்த பிறகு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.